படத்தில் என்ன குறைகிறது?

அந்தப் படத்தை வரையச் சொன்னவளே நான்தான். அதில் பெருமை வேறு. வெளிநாட்டு அறிவுத்திறன் தேர்வு ஒன்றில் புகைபோக்கி இல்லாத வீடு ஒன்று இருந்தது. என்ன குறைகிறது என்று குழந்தை சொல்ல வேண்டும். நம் ஊர்க் குழந்தை புகைபோக்கிக்கு எங்கே போகும்? அதைத் தூக்கிவிட்டு, பொட்டு வைக்காத ஒரு பெண்ணின் முகத்தைப் போட்டேன். ஸ்ரீரங்கத்தில் என் குழந்தை உளவியல் கிளினிக்கைச் சுற்றியுள்ள தெருக்களில் அறுபது குழந்தைகளிடம் காட்டினேன். "பொட்டு இல்ல" என்று அத்தனை பேரும் பட்டென்று சொன்னார்கள். நான் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரிதான் என்றாலும் தினமும் பொட்டு வைப்பவள். எனக்கும் எதுவும் உறுத்தவில்லை.

பாலக்கரையிலிருந்து வஹீதா, தன் ஏழு வயது மகள் ஷஹனாஸை டவுன் பஸ்ஸில் கூட்டி வந்தார். பிள்ளை வகுப்பில் வாயே திறப்பதில்லையாம். தேர்வில் எழுபதுக்குக் கீழே வந்தால் சிறப்புப் பள்ளிக்கு மாற்றிவிடுவோம் என்று தலைமையாசிரியர் சொல்லியிருந்தார்.

அறுபத்தொன்பது வந்தது.

வஹீதா கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "ஒரு மார்க்குதானே மேடம்? எதுல விட்டுட்டா?"

"கேள்விய வெளிய சொல்லக் கூடாதுங்க" என்று சட்டம் பேசினேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஷஹனாஸுக்கு ரோஷம் வந்துவிட்டது. "நான் எல்லாம் சொன்னேம்மா. அந்தப் படத்து ஆன்ட்டி தலையில முக்காடு இல்லன்னுகூட சொன்னேன்."

ஆமாம், சொன்னாள். பூஜ்யம் போட்டது நான்தான். விடைத்தாளில் பொட்டு என்றல்லவா இருக்கிறது!

வஹீதாவை நிமிர்ந்து பார்த்தேன். முக்காடு, அதன் கீழே வெறும் நெற்றி. பிறந்ததிலிருந்து இந்தக் குழந்தை பார்க்கிற முகம். அதில் ஒன்றும் குறையவில்லை. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. நன்றாக வேண்டும் எனக்கு.

"பாப்பா சரியாத்தான் சொல்லியிருக்காங்க. தப்பு என் கேள்வியில இருக்கு. இந்த ரிப்போர்ட்ட நான் அனுப்ப மாட்டேன். கட்டை அடுக்குற டெஸ்ட் ஒண்ணு இருக்கு, அதுல படமே கிடையாது. அடுத்த வாரம் வாங்க."

அடுத்த வாரம் எண்பத்தாறு வந்தது. வெறும் எண்ணை எழுதாமல், எதில் அவள் கெட்டிக்காரி, எதில் உதவி வேண்டும் என்றும் எழுதிக் கொடுத்தேன். பள்ளிக்கூடம் அவளை வைத்துக்கொண்டது.

அதைச் சொல்ல வந்த வஹீதா, கிளம்பும்போது வாசலில் நின்றார். "எங்க தெருவுல முப்பது புள்ளைங்க இருக்கு மேடம். உங்க படத்தையெல்லாம் அதுங்ககிட்டயும் காட்டிப் பாருங்களேன்."

"அவங்க வீட்டுல வந்து நானே சம்மதம் கேக்குறேங்க."

"சரிங்க. ஆனா இதுக்கு முன்னாடி வந்த புள்ளைங்க?"

அவர் போனதும் அலமாரியைத் திறந்து இரண்டு வருட ரிப்போர்ட்டுகளை எடுத்தேன். அந்தப் படத்தில் பூஜ்யம் வாங்கியவர்கள் பதினொரு பேர். முதலில் இருந்தவள் முசிறிப் பெண். என் ரிப்போர்ட்டால் சிறப்புப் பள்ளிக்கு மாற்றப்பட்டவள். வக்கீலைக் கேட்டுவிட்டுப் பேசலாமா என்று ஒரு நிமிடம் தயங்கினேன். பிறகு அவள் அப்பாவின் நம்பரை அழுத்தினேன்.

"முகம்மது கனிங்களா? ஸ்ரீரங்கத்துலேர்ந்து பெலிண்டா பேசுறேன். போன வருஷம் உங்க பொண்ணுக்கு டெஸ்ட் வெச்சேன்ல, அதுல தப்பு நடந்துபோச்சுங்க. அவமேல தப்பில்ல, என்மேலதான். மறுபடியும் கூட்டிட்டு வாங்க, ஸ்கூல்லயும் நானே வந்து பேசுறேன்."

திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன். அவர் ஃபோனை விலக்கிவிட்டு வீட்டுக்குள் பார்த்துக் கத்துவது கேட்டது.

"அடியே, இங்க ஓடி வா! நம்ம புள்ளமேல தப்பே இல்லையாம்!"