ஏழு தகட்டு ஹீட்டர்

வியாழக்கிழமை குழந்தையை வீட்டுக்குக் கொண்டு போகலாம் என்று நுவரெலியா ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஏழாம் மாதத்திலேயே பிறந்த பெண் குழந்தை. இப்போதுதான் இரண்டு கிலோவைத் தொட்டிருந்தது.

"ரூம் சூடா இருக்கணுமாம்ங்க. குளிர் பட்டா தாங்க மாட்டாளாம்" என்று ஆஸ்பத்திரியிலிருந்து நிலக்ஷி போனில் அழுதபடி மூன்று தடவை சொன்னாள்.

ஸ்பீக்கரில் மனைவியின் குரலைக் கேட்டுக்கொண்டே நிரஞ்சன், வட்டகொடைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றான தன் அறையை அண்ணாந்து பார்த்தான். மேலே வெறும் தகரம். பக்கத்து வீட்டுக்கும் தனக்கும் நடுவிலுள்ள சுவர் கூரை வரை போகவில்லை. தலைக்கு மேல் மூன்றடி திறந்தே கிடந்தது. அந்த வழியாகப் பேச்சியம்மா வீட்டுக் குழம்பு வாசனையும் வரும், கூதலும் வரும். ஒரு வருடமாக வராதது பேச்சு மட்டும்தான். அவளுடைய கோழிகள் இவனுடைய லீக்ஸ் நாற்றைக் கிளறிய அன்று, வயதில் மூத்தவள் என்றும் பாராமல் இவன் வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டான்.

மறுநாள் ஹட்டனுக்குப் போய், மின்சாமான் கடையில் இருந்ததிலேயே பெரிய ஹீட்டரைக் காட்டி, "இதக் குடுங்க" என்றான். கடைக்காரர் உமாசுதன் யாழ்ப்பாணத்துக்காரர். பெட்டியை எடுக்காமல் அவனையே பார்த்தார்.

"அறை எத்தனை அடி தம்பி?"

"பத்துக்குப் பன்னெண்டு இருக்கும்ங்க."

"சீலிங் இருக்கோ? சுவர் கூரையைத் தொடுதோ?"

"ரெண்டும் இல்லீங்க."

"அப்ப நீங்கள் பக்கத்து வீட்டையும் வானத்தையும் சேர்த்தெல்லோ சூடாக்கப் போறியள்!" என்று சிரித்தவர், குழந்தையைப் பற்றி அவன் சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டார். "இந்தப் பெரிசை நான் தரமாட்டன். உங்கட லயத்து வயர் தாங்காது. காத்து ஊதுறது வேண்டாம், தூசியைக் கிளப்பும். கம்பி சிவக்கிறதும் வேண்டாம், துணி பட்டால் பத்திப்போடும்."

கடைசியில், எண்ணெய் நிரப்பிய ஏழு தகட்டு ஹீட்டர் ஒன்றைத் தூக்கி வைத்தார். விலை பெரியதில் பாதிகூட இல்லை. "இது மெதுவாத்தான் சூடேறும். ஆனால் கரண்ட் போனாலும் அரை மணித்தியாலம் சூடு நிற்கும். முதல்ல மேல் ஓட்டையை அடையுங்கோ. அடைக்காமல் இதைப் போட்டு ஒரு பிரயோசனமும் இல்லை."

பெரிய லாபத்தை விட்டுக்கொடுத்து நல்ல வழி சொல்லும் மனிதரைக் கடவுள்தான் எதிரே நிறுத்துகிறார் என்று நினைத்தபடி நிரஞ்சன் ரயில் ஏறினான்.

அவனுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. அங்கே பொறுப்பிலிருந்த டீமேக்கரிடம் கேட்டு, உள்ளே வெள்ளித்தாள் ஒட்டிய, கிழிந்த தேயிலைச் சாக்குகளை வாங்கி வந்தான். மேசைமேல் ஏறி ஒன்றைக் கூரை மரத்தில் வைத்து ஆணி அடித்தான். அது விழுந்தது. மறுபடி அடித்தான். மறுபடி விழுந்தது.

"அங்க என்ன, மாடி கட்டுறியா?"

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பேச்சியம்மாவின் குரல். நிரஞ்சன் சுத்தியலைத் தாழ்த்தினான்.

"ஒன் வீட்டுக்காரி போன்ல அழுதது எனக்கும் கேட்டுச்சு. நீ அடிக்கிற லட்சணத்துல அது புள்ள தலையிலதான் விழும். எறங்கு."

சாக்கு ஊசியோடு வந்து நின்றாள். சாக்குகளைத் தரையில் பரப்பிப் பாய்போல் ஒன்றாகத் தைக்க உட்கார்ந்தாள்.

"அத்த… அன்னைக்கு நான் பேசுனது…"

"என்னைக்கு? இந்தா, ஊசியில நூலக் கோத்துக் குடு. எனக்குக் கண்ணு தெரியல."

சாயங்காலத்துக்குள் மேலே வெள்ளித்தாள் மின்னும் கூரை ஒன்று வந்துவிட்டது. சுவருக்கு மேலிருந்த திறப்பும் அடைபட்டது. போகும்போது பேச்சியம்மா, "புள்ள வந்தா நான் ரைஸ் குக்கர் போட மாட்டேன். ரெண்டும் சேந்தா பியூஸ் போயிரும். வெறகுலயே ஆக்கிக்கிறேன்" என்றாள்.

வியாழக்கிழமை குழந்தை வந்தபோது அறை இதமாக இருந்தது. நிலக்ஷி மாரியம்மன் படத்துக்கு முன்னால் குழந்தையைக் காட்டிக் கும்பிட்டாள். பின்னேரம் காற்றும் மழையும் ஒன்றாக வந்தன. மூன்று மணிக்குக் கரண்ட் நின்றது. ரோட்டில் மரம் விழுந்து வயர் அறுந்துவிட்டதாம்; நாளைக்குத்தான் சரியாகுமாம்.

உமாசுதன் சொன்னபடியே அரை மணி நேரம் தகடுகளில் சூடு இருந்தது. அதன் பிறகு நிரஞ்சன் தொட்டுத் தொட்டுப் பார்க்க, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குறைந்தது. நர்ஸ் சொல்லிக் கொடுத்ததுபோல நிலக்ஷி குழந்தையை நெஞ்சோடு சேர்த்துப் போர்த்திக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். சாய்ந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"என்னங்க… சுவரு சுடுது!"

நிரஞ்சன் கையை வைத்துப் பார்த்தான். உண்மைதான். பக்கத்து வீட்டுக்கு ஓடினான்.

எப்போதும் பின்பக்கம், புகைபோக்கியின் கீழ் இருக்கும் பேச்சியம்மாவின் அடுப்பு, இப்போது நடுச்சுவரை ஒட்டி எரிந்துகொண்டிருந்தது. மேலே அடைத்துவிட்டதால் புகை போக வழியில்லை. அதற்காக வாசல் கதவை விரியத் திறந்து வைத்து, சாரல் அடிக்க, கம்பளியைச் சுற்றிக்கொண்டு அவள் நெருப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

"எப்ப அத்த மாத்துனீங்க?"

"நேத்தே கல்லத் தூக்கி வச்சிட்டேன். ஒன் மிஷினு கரண்ட நம்பி இருக்கு. நம்ம மலையில கரண்ட நம்ப முடியுமா?"

அவனுக்கு நன்றி என்ற சொல் அந்த இடத்தில் மிகச் சிறியதாகத் தெரிந்தது. அவள் கையிலிருந்த ஊதுகுழலை வாங்கிக்கொண்டான்.

"நீங்க போய்ப் புள்ளகிட்ட ஒக்காருங்க. நான் ஊதுறேன்."

"ஒனக்கு ஊதத் தெரியுமா?"

"தெரியலன்னா அங்கருந்து ஏசுங்க."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். நிரஞ்சன் கதவோரம் இருந்த விறகையெல்லாம் அடுக்கி ஊதினான். கண்ணில் நீர் வழிந்தது. எல்லாமே புகையால் வந்தது அல்ல.

கொஞ்ச நேரத்தில் சுவரில் இரண்டு தட்டு கேட்டது.

"போதும்பா!" என்றாள் பேச்சியம்மா அந்தப் பக்கத்திலிருந்து. "இன்னொரு கட்டைய வைக்காத. புள்ளைக்கு வேர்க்குது."