சோற்றுக்கடியில் பசை

பேரணாம்பட்டு ரோட்டில் நவீன்குமாரின் வண்டி பஞ்சரானது. நின்ற இடம் தோல் பதனிடும் ஷாப் ஒன்றின் பின்பக்கம். தோலிலிருந்து சீவிப் போட்ட சதை அங்கே குவியலாகக் கிடந்தது. ஸ்போக் சக்கரம், உள்ளே டியூப். சக்கரத்தைக் கழற்றாமல் பஞ்சர் ஒட்ட முடியாது. சதை ஊறிய தண்ணீரில் முட்டி போட்டுக் கழற்றினான். அந்தப் பேண்ட்டை அவன் மனைவி மோகனா மூன்று தண்ணீரில் துவைத்தாள். மூன்றாவது தண்ணீரிலும் கொழுப்பு மிதந்தது.

மறுநாள் அவன் டியூப்லெஸ் டயர் மாற்றப்போவதாகச் சொன்னான். அதில் ஆணி ஏறினாலும் காற்று மெல்லத்தான் இறங்கும். சக்கரத்தைக் கழற்றாமலே ஓட்டையை அடைத்துவிடலாம். ஆனால் ஸ்போக் ரிம்மில் காற்று நிற்காது. ஒவ்வொரு கம்பியும் ரிம்மைத் துளைத்து உள்ளே வருகிறது. முப்பத்தாறு கம்பிக்கு முப்பத்தாறு ஓட்டை. அலாய் சக்கரம் போடலாமே என்று மோகனா கேட்டாள். அலாய் போட்டால் வண்டி வண்டி மாதிரியே இருக்காது என்றான். ஓட்டைகளை அடைத்தால் போதும். ஒருவன் அடைக்கிற வீடியோவைக் காட்டினான். அதற்கென்று விற்கிற பசையும் அதில் வந்தது. அந்த இடத்தை மட்டும் வேகமாக ஓட்டிவிட்டான்.

"உங்க கம்பெனி பசை, அந்த சொல்யூஷன் இருக்குதுல்ல. ஷூ சோலையே புடிச்சு வைக்குது. காத்து இன்னா, அத விட ஜாஸ்தியா இழுக்கப்போவுது?"

மோகனா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் செக்கர். ஷூவின் அடியில் ஒட்டின சோலை இழுத்துப் பார்ப்பதுதான் வேலை. பசை மட்டும் ஒட்டாது, முதலில் தோலைச் சுரண்ட வேண்டும், சூடு காட்ட வேண்டும், மெஷினில் அழுத்த வேண்டும் என்று சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டான். பிறகு, ஒரு சின்ன பை போதும் என்றான்.

சாயங்காலம் கேட்டில் பெண்களுக்கு செக்கிங் உண்டு. கேட் காவலில் இருக்கும் சுகரா பேகம் பையைத் திறப்பாள், சாப்பாட்டு டப்பாவைத் திறப்பாள், மீந்த சோற்றை ஸ்பூனால் கிளறுவாள். எப்போதோ ஒருத்தி சோற்றுக்குள் ஷூ பக்கிள் வைத்துக் கொண்டுபோயிருக்கிறாள். அதிலிருந்து இந்தப் பழக்கம். எல்லா டப்பாவுக்கும் ஒரே ஸ்பூன். முன்னால் நிற்பவளின் மீன் குழம்பு பின்னால் நிற்பவளின் தயிர் சாதத்தில் ஏறும்.

மோகனாவின் டப்பாவை மட்டும் கிளற மாட்டாள். ஆறு வருடத்துக்கு முன் கக்கூஸில் கிடந்த தங்கத் தோடு ஒன்றை மோகனா எடுத்துவந்து அவளிடம் கொடுத்திருந்தாள். இதை மோகனாவேதான் ஒருநாள் நவீன்குமாரிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவன் அப்போது சிரிக்கவில்லை. ஞாபகம் வைத்துக்கொண்டான்.

பசை டின் அமிர்தவள்ளியின் பொறுப்பு. அவள் கை கழுவப் போன நேரத்தில் மோகனா ஒரு பாலிதீன் பையில் ஊற்றி முடிச்சுப் போட்டாள். டப்பாவில் வைத்து மேலே சோற்றைப் பரப்பினாள். திரும்பி வந்த அமிர்தவள்ளி டப்பாவையும் அவள் முகத்தையும் பார்த்தாள்.

"இன்னா பொண்ணு, சோறு அப்டியே கீது. இன்னிக்குப் புருசன் சமையலா?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மோகனாவும் சிரித்தாள்.

கேட்டில் சுகரா பேகம் மூடியைத் திறந்தாள், மூடினாள், அனுப்பினாள்.

நவீன்குமார் சோற்றைக் குப்பையில் கொட்டிவிட்டுப் பையை எடுத்தான். ரிம்மின் உள்பக்கத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான். ஒவ்வொரு கம்பியின் தலையிலும் பசை வைத்தான். மேலே சுற்றிலும் டேப் ஒட்டி, புது டயரை ஏற்றிக் காற்றடித்தான். சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தபோது ஒன்பது இடத்தில் நுரைத்தது.

"இன்னொரு கோட்டு வோணும்," என்றான்.

டப்பாவை மோகனா புளி போட்டுத் தேய்த்தாள். மறுநாள் சோற்றில் பசை வாடை. இரண்டு வாய் தின்றாள். மேலண்ணத்தில் எண்ணெய் மாதிரி ஒட்டிக்கொண்டது. வேறு டப்பா கொண்டுபோகலாம். புது டப்பாவைப் பார்த்தால் சுகரா பேகம் நின்று ஏதாவது கேட்பாள். அதே டப்பாவில்தான் இரண்டாவது பையும் வந்தது.

இரண்டாவது கோட்டு பூசியதும் காற்று நின்றது.

நிற்கக்கூடாது என்று தான் நினைத்திருந்தது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒரு வாரம் போயும் காற்று இறங்கவில்லை. அவன் ஏலகிரி வளைவுகளில் ஏறி இறங்கி வந்தான். பக்கத்துத் தெரு சமீருல்லா குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். தன் வண்டிக்கும் செய்ய முடியுமா, எவ்வளவு ஆகும் என்று கேட்டார். தோஸ்த்திடம் காசு வாங்குவேனா என்றான் நவீன்குமார். அவர் தோளில் கை போட்டுக்கொண்டு சொன்னான். மோகனா வாசலில் நின்று அந்தக் கையைப் பார்த்தாள்.

கம்பெனியில் டின்னை எடை போட்டார்கள். இரண்டு முறை குறைந்திருந்தது. அமிர்தவள்ளி வெளியே விற்கிறாள் என்று முடிவாயிற்று. சூப்பர்வைசர் பாண்டியன் லைனுக்கு நடுவில் மேசைமேல் அவள் பையைக் கவிழ்த்தார். சீப்பு, மாத்திரை அட்டை, பாதி கடித்த பிஸ்கட், மடித்து வைத்த ஒரு பழைய உள்பாவாடை. அவர் அதைப் பேனா முனையால் தூக்கி அடியில் பார்த்தார். ஐம்பது பேர் பார்த்தார்கள். மோகனாவும் பார்த்தாள். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். அமிர்தவள்ளி பாவாடையை முதலில் பைக்குள் திணித்தாள். மற்றதெல்லாம் அப்புறம்.

மோகனா வீட்டில் சொன்னாள். நவீன்குமார் பாவம் என்றான். இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றச் சொன்னான். தின்று முடித்துக் கை கழுவிவிட்டு வந்தான்.

"அந்த எடத்துக்குப் புதுசா ஒருத்தி வருவா. டின்னுல எவ்ளோ இருந்துச்சின்னு அவளுக்கு இன்னா தெரியும்? ரெண்டு நாளுக்குள்ள எடுத்தாந்துடு. சமீருல்லாவுக்குச் சொல்ட்டேன்."

எடுக்க முடியாது என்று சொல்ல அவள் வாய் திறந்தாள். அவன் அதற்குள் டிவி போட்டுவிட்டான். மறுநாள் எடுக்கக்கூடாது என்றுதான் வேலைக்குப் போனாள். சாயங்காலம் பை டப்பாவுக்குள் இருந்தது.

திருட்டு தெரிய வந்ததிலிருந்து பாண்டியனும் கேட்டில் நிற்கிறார். அவருக்கும் வரிசைக்கும் நாலு அடி தூரம். வரிசை நகர்ந்தது. சுகரா பேகம் மோகனாவின் டப்பாவைத் திறந்து மூடினாள்.

"போம்மா."

மோகனா நகரவில்லை.

"கிளறுங்க அக்கா."

"உன்னுத எதுக்கு?"

"கிளறுங்க."

சுகரா பேகம் சலித்துக்கொண்டு ஸ்பூனை விட்டாள். பை கிழிந்தது. ஸ்பூனைத் தூக்கியபோது மஞ்சளாக ஒரு நூல் சோற்றிலிருந்து எழுந்து நீண்டது. அறவில்லை. அவள் அதை டப்பா விளிம்பில் துடைத்தாள். மூடியை அழுத்தி மூடினாள். பாண்டியன் பக்கம் பார்க்காமல் சொன்னாள்.

"நான் பாக்கல. போய்டு."

அவள் சொன்னது தயவா பயமா என்று மோகனாவுக்குத் தெரியவில்லை. ஆறு வருடம் பார்க்காமல் விட்டதற்கு சுகரா பேகத்தின் வேலையும் போகும். அது தெரிந்தது. டப்பாவை வாங்கி, திறந்து, பாண்டியனிடம் கொண்டுபோனாள்.

"சார், நான் சொல்யூஷன் எடுத்துனு போறேன். சுகரா அக்கா இப்போ கிளறிப் புடிச்சாங்க. மின்ன ரெண்டு தபா எடுத்ததும் நான்தான். அதெல்லாம் பொடவைக்குள்ள வச்சி எடுத்துனு போனேன். அமிர்தவள்ளி எடுக்கல."

பாண்டியன் டப்பாவை முகத்தருகே கொண்டுபோய் உடனே விலக்கினார். பின்னால் நின்றவர்கள் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டார்கள். சுகரா பேகம் ஸ்பூனைப் பிடித்தபடி நின்றாள்.

யாருக்காக எடுத்தாய் என்று அவர் கேட்டார்.

கேட்டுக்கு வெளியே, ரோட்டுக்கு அந்தப் பக்கம், அவளை அழைத்துப்போக வந்த நவீன்குமார் வண்டியில் காலூன்றி நின்றிருந்தான். டப்பா யார் கையில் இருக்கிறது என்று பார்த்துவிட்டான். அவளைப் பார்க்கவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

மோகனா அவன் பேரைச் சொன்னாள். வண்டி நம்பரையும் சொன்னாள்.

பாண்டியன் பேனாவை எடுத்தார். நம்பரை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

அமிர்தவள்ளி எடுக்கவில்லை என்பதை முதலில் எழுதச் சொன்னாள் மோகனா. அவர் எழுதும்வரை நின்றாள். பிறகு நம்பரைச் சொன்னாள்.