கனமழை என்று சொன்ன வாரம்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் லூர்து பிரகாஷ் திரையில் வந்துவிட்டால், கடலூரிலிருந்து சிதம்பரம் வரைக்கும் பல வீடுகளில் பேச்சு நின்றுவிடும். ‘வரும் வாரம் வானம்’ என்பது நிகழ்ச்சியின் பெயர். கடலூர் செம்மண்டலத்தில் ஒரு மாடியில், ஜவுளிக்கடை விளம்பரங்களுக்கும் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்த சின்ன கேபிள் சேனலில் அது வந்தது. 2005 வெள்ளத்தின்போது எந்தெந்த ரோட்டில் தண்ணீர் ஏறியிருக்கிறது என்று விடாமல் சொல்லிக்கொண்டே இருந்ததில் அவனுக்குப் பேர் வந்தது. அதற்குப் பிறகு ஐப்பசி பிறந்தால் போதும், கடைத்தெருவில் பார்க்கிறவர்களெல்லாம், “சார், இந்த வாரம் எப்பிடி?” என்று கேட்பார்கள்.

அந்தப் பேர் அவனை ஒரு பழக்கத்தில் கொண்டுபோய் விட்டது. வானிலை ஆபீஸ் அறிக்கையை வைத்துத்தான் படிப்பான். அதில் லேசான மழை என்றிருந்தால் இவன் வாயில் அது மிதமான மழையாகும். மிதமானது கனத்துவிடும். பொய் சொல்கிறோம் என்று அவன் நினைத்ததே இல்லை. ஜனங்கள் உஷாராக இருக்கட்டுமே, பெய்யாமல் போனால் யாருக்கு என்ன நஷ்டம் என்றுதான் நினைத்தான். சேனல் முதலாளி கோவிந்தசாமிக்கும் அதில் திருப்தி. “மழன்னாதான்யா உக்காந்து பாக்குறாங்க. வெயில்னு சொல்லு, அடுத்த நிமிசம் மாத்திட்டுப் போயிடுவாங்க” என்பார்.

அவன் சொல்வதை அப்படியே நம்பியவள் அவனுடைய அக்கா பாத்திமா மேரி. புவனகிரியில் குத்தகை நிலத்தில் நெல் போடும் மரியலூர்துவுக்கு வாழ்க்கைப்பட்டவள். நிகழ்ச்சி முடிந்ததும் போன் வந்துவிடும். முதலில் சட்டையைப் பற்றித்தான் பேசுவாள். “அந்த மஞ்ச சட்டய இன்னொரு வாட்டி போட்டீன்னா பாரு. காமால வந்தவனாட்டம் இருக்கடா.” அப்புறம்தான் மழை. அவன் சொன்னதை வைத்துத் தெருவில் யார் எப்போது நெல் காயப்போடலாம் என்று உத்தரவு போடுவாள்.

2010 ஐப்பசியில் அவளுக்கு நாலடி நடந்தால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. சிதம்பரத்தில் பார்த்த டாக்டர், இதய டாக்டர் ஒருவரிடம் காட்டிவிடுவது நல்லது என்றார். பாண்டிச்சேரியிலிருந்து அப்படி ஒருவர் புதன்கிழமைதோறும் கடலூருக்கு வந்துகொண்டிருந்தார். பிரகாஷே போய் டோக்கன் வாங்கி வைத்தான். “பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நானே கூட்டிட்டுப் போறேன்க்கா” என்று சொல்லியிருந்தான்.

அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை வந்த அறிக்கையில், வங்கக் கடலில் ஒரு தாழ்வு நிலை இருப்பதாகவும், அது ஆந்திரா பக்கம் போகலாம் என்றும், இந்தப் பக்கம் ஓரிரு இடங்களில் லேசான மழை பெய்யலாம் என்றும் இருந்தது. பிரகாஷ் கேமராவைப் பார்த்து, “செவ்வாய் தொடங்கி வெள்ளி வரைக்கும் நம்ம வட்டாரத்தில் கனமழை” என்றான். பிறகு, அறிக்கையில் இல்லாத ஒரு வரியையும் சேர்த்தான். “அவசியம் இல்லாமல் வெளியூர்ப் பயணம் வேண்டாம்.”

விளக்கை அணைப்பதற்குள் அக்காவின் போன் வந்துவிட்டது. பக்கத்தில் கோவிந்தசாமி அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தபடி நின்றிருந்தார்.

“பாத்தேன்டா. அப்ப புதங்கெழம வேணாம். குறிஞ்சிப்பாடி ரோட்ல தண்ணி நின்னுடுச்சின்னா பஸ்ஸ நடுவுல நிறுத்திடுவான். என்னால நடக்கவும் முடியாது. அடுத்த புதன் வரேன், என்ன?”

அவ்வளவு மழை இருக்காதுக்கா, நீ வா என்பது அவன் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. இப்போதுதான் ஊருக்கே சொல்லியாயிற்று. முதலாளி வேறு பக்கத்தில் நிற்கிறார்.

“சரிக்கா. மழ விட்டதும் வா” என்றான்.

செவ்வாய்க்கிழமை கொஞ்சம் மேகம் கூடிக் கலைந்தது. புதன்கிழமை விடிந்ததிலிருந்தே சுள்ளென்று வெயில். டீக்கடையில் ஒருவர் மடக்கிய குடையைத் தூக்கிக் காட்டி, “சார், இத உங்களுக்காகத்தான் எடுத்தாந்தேன்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்போதுகூட அக்கா பஸ் ஏறினால் டாக்டரைப் பார்த்துவிடலாம். பிரகாஷ் போனை எடுத்தான். எடுத்ததுமே, ‘எங்கடா உன் மழ?’ என்று அவள் கேட்கப்போவது இப்போதே காதில் விழுந்ததுபோல் இருந்தது. இங்கே சிரித்தது போதாதா என்று தோன்றியது. அடுத்த புதன்தான் இருக்கிறதே. போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை காலையில் மரியலூர்து மாமா கூப்பிட்டார். வெயில் நன்றாக அடிக்கிறதே என்று போர்வைகளையெல்லாம் துவைத்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்த அக்கா அப்படியே சரிந்துவிட்டாளாம். ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு சிதம்பரம் போயிருக்கிறார்கள். வழியிலேயே உயிர் போய்விட்டது.

மறுநாள் அடக்கம். கல்லறைத் தோட்டத்து மண் வறண்டு, கடப்பாறை போட்டால்தான் பெயர்ந்தது. எதிர்வீட்டு ஆரோக்கியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, “நல்லவேள, மாதா புண்ணியத்துல மழ இல்ல. இல்லன்னா எவ்ளோ அவதி” என்றாள். பிரகாஷால் அங்கே நிற்க முடியவில்லை.

சாயங்காலம் சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகு மரியலூர்து அவன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. அந்த நிலையிலும் அவனைத்தான் தேற்றினார்.

“உன் மூஞ்சியப் பாத்தாலே தெரியுது மச்சான். மனசுல போட்டுக்காத. ஆபீஸ்ல தப்பா எழுதிக் குடுத்தா நீ என்ன பண்ணுவ? வந்ததத்தான படிச்ச?”

தலையாட்டிவிட்டு இருந்திருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அவனால் முடியவில்லை.

“ஆபீஸ்ல லேசான மழன்னுதான் மாமா போட்டிருந்தான். கனமழன்னு சொன்னது நானு. வெளியூர் போவாதீங்கன்னதும் நானேதான்.”

மாமா அவனையே பார்த்தார்.

“எதுக்குடா?”



“ஆஸ்பத்திரிக்குப் போவ பொடவகூட எடுத்து வச்சிருந்தா” என்றார் மாமா. பிறகு எழுந்து, “நீ கெளம்பு பிரகாஷ்” என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது.

அதற்குப் பிறகு பிரகாஷ் அறிக்கையில் இருந்ததை மட்டும் படித்தான். பெய்யலாம் என்றால் பெய்யலாம், வாய்ப்பு குறைவு என்றால் வாய்ப்பு குறைவு. “உப்பு சப்பு இல்லியேய்யா” என்று கோவிந்தசாமி அலுத்துக்கொண்டார். நிகழ்ச்சியின் நேரம் குறைந்தது. மாமா அவனுடைய போனை எடுப்பதில்லை. அக்காவின் முதல் வருஷ நினைவுத் திருப்பலிக்குப் போய்க் கடைசி வரிசையில் நின்றுவிட்டுத் திரும்பினான்.

அந்த வருஷ மார்கழியில் ‘தானே’ புயல் வந்தது. எச்சரிக்கையைக் கையில் வாங்கியதும் பிரகாஷ் முதலில் மாமாவுக்குத்தான் போட்டான். எடுக்கவில்லை. திரும்பத் திரும்பப் போட்டதில் கடைசியாக எடுத்தார்.

“மாமா, பெரிய புயலு. ஓட்டு வீட்ல இருக்காதீங்க. ஸ்கூலுக்குப் போயிடுங்க.”

“இது ஆபீஸ்ல சொன்னதா, நீ சொல்றதா?”

“ஆபீஸ்ல சொன்னதுதான் மாமா. ஒரு வார்த்தகூட சேக்கல.”

“சரி” என்று வைத்துவிட்டார்.

காற்று ஓய்ந்து, ரோட்டில் விழுந்த மரங்களை வெட்டி வழிவிட்ட பிறகு பிரகாஷ் புவனகிரிக்குப் போனான். வீட்டுக் கூரையில் பாதி ஓடு இல்லை. முற்றத்தில் முருங்கை மரம் வேரோடு சாய்ந்து கிடந்தது. மாமா அரிவாளால் கிளைகளைக் கழித்துக்கொண்டிருந்தார். அவர் நல்லபடியாக இருப்பதைப் பார்த்ததும் பிரகாஷுக்கு மூச்சு வந்தது. வா என்று அவர் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. அவன் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு மரத்தின் மறுமுனையைப் பிடித்தான். இரண்டு பேருமாக அதைத் தெரு ஓரத்துக்கு இழுத்துப் போட்டார்கள்.

பொழுது சாய்கிறவரைக்கும் ஓடு பொறுக்கினார்கள். பிரகாஷ் தண்ணீர் கேட்டபோது மாமா சொம்பை எடுத்து நீட்டினார். “கடைசி பஸ் போயிடப்போவுது” என்றார். அன்றைக்கு அவர் பேசியது அவ்வளவுதான். பிரகாஷ் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.