மூன்றாவது கியர்

அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு ஒரு கால் கொஞ்சம் குட்டை. யார் உட்கார்ந்தாலும் முதலில் முழங்கையை மூலையில் ஊன்றிக்கொள்வார்கள். இல்லாவிட்டால் மேசை சாய்ந்து டம்ளரில் உள்ளதைத் தட்டில் கொட்டிவிடும். காகிதம் மடித்து வைத்துப் பார்த்தார்கள். தரை துடைக்கும்போதெல்லாம் அது நனைந்து கூழாகிப்போனது. பிறகு விட்டுவிட்டார்கள். பழகிப்போன குறைக்கு யாரும் வைத்தியம் பார்ப்பதில்லை.

அந்த மேசைக்குப் பக்கத்தில், ஒரு பழைய போர்வையின் மேல், ஒரு வாரமாக மோட்டார் சைக்கிள் எஞ்சின் ஒன்று குடல் சரிந்து கிடந்தது.

வண்டி அந்த வீட்டு மருமகளுடையது. தெருவில் அவளுக்கு ஊசிக்காரி என்று பெயர். விடிந்ததும் வீடு வீடாகப் போய், நடமாட முடியாதவர்களிடம் ரத்தம் எடுத்து, குளிர்ப்பெட்டியில் வைத்து ஆய்வகத்தில் சேர்ப்பது அவள் வேலை. அதற்கு முன்பு அதே ஆய்வகத்தின் கீழறையில், ஜன்னல் இல்லாத இடத்தில், சோதனைக் குழாய்களுக்கு எண் ஒட்டிக்கொண்டிருந்தாள். வெளிவேலை வேண்டும் என்று வாய் திறந்து கேட்க அவளுக்கு ரொம்ப நாள் ஆயிற்று. கேட்டது கிடைத்ததும், காலைக் காற்று முகத்தில் அடிக்கிற அந்த நேரத்துக்காகவே மற்ற நேரமெல்லாம் பொறுத்துக்கொண்டாள்.

போன மாதம், தண்ணீர்த்தொட்டி மேட்டில் ஏறும்போது, மூன்றாவது கியர் கழன்றுகொண்டது. எஞ்சின் அலறியது, வண்டி தள்ளாடியது, அவள் சாய்ந்தாள். முழங்கால் சிராய்த்தது; அது போகட்டும். பெட்டிக்குள் மூடிகள் தெறித்து, காலையில் எடுத்த ரத்தம் முழுக்கக் கொட்டிப்போயிருந்தது.

அன்றைக்கே எல்லா வீட்டுக்கும் திரும்பப் போனாள். திட்டினவர்களை அவள் மறந்துவிட்டாள். கடைசி வீட்டில் ஒரு வயதான தையல்காரர். லேசில் நரம்பு கிடைக்காத கை. காலையிலேயே இரண்டு இடத்தில் குத்தித்தான் எடுத்திருந்தாள். அவர் சட்டைக் கையை மறுபடியும் மடித்து நீட்டினார். அந்த மடிப்பை மட்டும் அவளால் மறக்க முடியவில்லை.

ஆய்வக மேலாளர் சுருக்கமாகப் பேசுகிறவர். "வண்டிய ரெடி பண்ணிட்டு திங்கக்கிழமை ரவுண்டுக்குப் போ. போகலன்னா வேற ஆளைப் போட்டுருவேன். போயி இன்னொரு தடவ கொட்டினாலும் வேற ஆள்தான்" என்றார். அதுவரைக்கும் கீழறை.

வழக்கமான மெக்கானிக் இடுப்புப் பிடித்துப் படுத்துவிட்டார். மற்ற பட்டறைகளில் "விட்டுட்டுப் போங்க, பாக்கலாம்" என்றார்கள். அந்தப் 'பாக்கலாம்' எத்தனை மாதம் என்று அவளுக்குத் தெரியும். மெக்கானிக் படுத்தபடியே சாவிகளையும் ஸ்பேனர்களையும் கொடுத்தனுப்பி, போனில் ஒன்று மட்டும் சொன்னார்: "கழட்டுறது யார் வேணா கழட்டலாம்மா. கழட்டின வரிசையிலயே கம்பியில கோத்து வை. அது போதும்."

அப்படியே செய்தாள். கீழறையிலிருந்து வந்து, கை கழுவி, மறுபடி கையைக் கறுப்பாக்கிக்கொண்டாள். தேய்ந்திருந்த சிலிண்டரைக் கடைசல் கடையில் கொடுத்துத் துளையைச் சீராக்கி, அதற்கேற்ற புது பிஸ்டனும் ரிங்குகளும் வாங்கினாள். எஞ்சின் கூட்டை இரண்டாகப் பிளந்தபோது நோய் தெரிந்தது. கியரின் பக்கவாட்டில் கொம்புகள் நிற்கும். அவை அடுத்த கியரின் குழிகளில் போய்ப் பூட்டிக்கொண்டால்தான் சக்கரத்துக்கு இழுவை போகும். மூன்றாவதின் கொம்புகள் முனை மழுங்கி, சப்பிய மிட்டாய் மாதிரி இருந்தன. அதைத் தள்ளுகிற கவைக்கம்பியும் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. இரண்டுக்கும் மாற்று வாங்கினாள். மற்றதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கம்பியில் கோத்தாள்: கியர், வாஷர், கியர், வாஷர்.

சனிக்கிழமை சாயங்காலம் வந்து பார்த்தால் கம்பி பளபளவென்று மின்னியது.

"அத்தை, இதை யாரு தொட்டது?"

"தொட்டதா? குளிப்பாட்டியே விட்டிருக்கேன்" என்றார் மாமியார். "வெந்நீர், சோப்பு. என்ன பிசுக்கு, என்ன நாத்தம்! துடைச்சு, பெருசுலேருந்து சின்னது வரைக்கும் அழகா கோத்திருக்கேன் பாரு. நீ கோத்து வச்சிருந்தது பொக்கை வாய் மாதிரி இருந்துச்சு."

அந்த வீட்டில் பாத்திரங்கள் எல்லாம் அப்படித்தான், ஒன்றுக்குள் ஒன்றாக, பெரியதிலிருந்து சின்னது வரை. அலமாரியைத் திறந்தால் ஒரு கரண்டிகூட அணி விலகி நிற்காது. அச்சகத்தில் பிழை திருத்துகிற கணவன் உள்ளேயிருந்து ஓடிவந்தான்.

"அம்மா! அது வரிசையா இருந்துச்சும்மா!"

"இப்பதான்டா வரிசையா இருக்கு."

அவள் கம்பியைத் திருப்பிப் பார்த்தாள். சொல்ல வந்தது தொண்டைவரை வந்து, வழக்கம்போலத் திரும்பிப் போயிற்று. சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள்.

காலையில் தெம்பு கொஞ்சம் இருந்தது. கியர்களின் இடத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை, போனில் படம் எடுத்திருந்தாள். படத்தில் வாஷர்கள்தான் தெரியவில்லை, எல்லாம் கியர்களுக்குப் பின்னால் ஒளிந்திருந்தன. அவள் வெளிச்சத்துக்கு நேராக ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்தாள். எந்தக் கியரோடு உரசியதோ அந்தக் கியரின் வட்டம் வாஷரில் பளபளப்பாகப் பதிந்திருந்தது. முகத்தோடு முகம் வைத்துப் பொருத்தினாள். ஜோடி சேர்ந்தது. கணவன் டார்ச் பிடித்தான்.

"என்னங்க, கை ஆடுது."

"கை ஆடல. பசி ஆடுது."

ஒரே ஒரு இடத்தில் தயங்கினாள். கியர்கள் கோத்திருக்கும் தண்டின் கடைசிக் கியரில் உரசின வட்டம் இருந்தது, ஜோடிக்கு வாஷர் இல்லை. கூட்டின் சுவரிலேயே உரசியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். களைப்பு கெட்டிக்கார வக்கீல். எதற்கும் ஒரு நியாயம் எடுத்துக் கொடுக்கும்.

மத்தியானத்துக்குள் கூட்டை மூடி, ரிங்குகளின் வெட்டுவாய்கள் ஒரே நேர்கோட்டில் வராமல் திருப்பிவைத்து, சிலிண்டரை இறக்கி, மூவருமாகத் தூக்கி வண்டியில் பூட்டிவிட்டார்கள். எண்ணெய் ஊற்றுவதுதான் பாக்கி. கணவன் டீ போட்டுக் கொண்டுவந்தான். அவள் நாற்காலியில் விழுந்து, பழக்க தோஷத்தில் முழங்கையை மேசை மூலையில் ஊன்றினாள்.

மேசை அசையவில்லை.

கையை எடுத்தாள். அசையவில்லை. எதிர் மூலையை அழுத்தினாள். டீ தளும்பாமல் அப்படியே நின்றது.

"ஆடலல்ல?" என்றார் மாமியார், முகமெல்லாம் பெருமை. "எத்தனை வருஷத் தொல்லை! நேத்துதான் வைத்தியம் பண்ணேன்."

அவள் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தாள். குட்டைக் காலுக்குக் கீழே, அளவெடுத்துச் செய்த மாதிரி, ஒரு வட்டமான எஃகு வாஷர். அதன் மேல் கடைசிக் கியரின் பளபளப்பு வட்டம்.

அவள் எழுந்திருக்கவில்லை. தரையிலேயே மல்லாந்து படுத்துவிட்டாள். மேசையின் அடிப்பக்கத்தில் யாரோ தச்சன் பென்சிலால் போட்ட கோடு ஒன்று இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு ஒரே மாதிரி இருந்துச்சும்மா" என்றார் மாமியார். குரல் இறங்கியிருந்தது. "ஒண்ணு உபரின்னு நெனச்சேன்."

"உபரின்னா எஞ்சின்ல ஏம்மா போடப் போறாங்க?" என்றான் கணவன். பிறகு மேசைக்கடியில் எட்டிப் பார்த்தான். "இந்தா பாரு, மெல்லிசா ஒரு வாஷர். இது இல்லாம வண்டி ஓடாதா?"

"ஓடும்" என்றாள் அவள். "ஓடும்ங்கறதுதான் பிரச்சினை."

இங்கே சும்மா ஓடும். தெருமுனை வரை ஓடும். தண்டு மயிரிழை மயிரிழையாக நகர்ந்துகொண்டே இருக்கும். புதுக் கொம்புகள் பாதிக்குப் பாதிதான் பூட்டும். என்றைக்காவது ஒருநாள், மேட்டில், பெட்டி நிறைந்திருக்கும்போது கழன்றுகொள்ளும். என்றைக்கு என்று சொல்ல முடியாது. இப்போது எண்ணெய் ஊற்றி மூடிவிட்டால் யாருக்கும் தெரியாது. இந்த மூன்று பேரைத் தவிர யாருக்கும். கண்ணை மூடினாள். கண்ணுக்குள் சட்டைக் கை ஒன்று மடிந்தது.

"பிரிக்கணும்" என்றாள்.

"முழுசாவா?"

"முழுசா."

மாமியார் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு போர்வையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாதுன்னு சொல்லு. சொன்னதைத்தான் தொடுவேன். இல்லன்னா என் கையைக் கட்டிப் போட்டுரு."

மறுபடி தூக்கி இறக்கினார்கள். மறுபடி கூட்டைப் பிளந்தார்கள். எண்ணெய் கசியாமலிருக்க நடுவில் வைத்த காகித கேஸ்கெட் இரண்டு பாதியிலும் ஒட்டிக்கொண்டு கிழிந்தது. ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. கணவன் அலமாரிக்கு மேலிருந்து ஒரு கட்டு தடித்த அட்டைகளை இறக்கினான். எழுதியவர் பெயரைத் தப்பாக அடித்துவிட்டதால் அச்சகத்தில் வீணான புத்தக அட்டைகள்.

"என்ன புஸ்தகம்?" என்றார் மாமியார்.

"கவிதை. கரடுமுரடு, வாசிச்சா நாக்குல சிக்கிக்கும்."

"எண்ணெயில ஊறட்டும். வழுக்கிக்கிட்டுப் போகும்."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்தபோதுதான் தாடை எவ்வளவு நேரமாக இறுகிக் கிடந்தது என்று தெரிந்தது. அட்டையைக் கூட்டின் விளிம்பில் வைத்து, சின்னச் சுத்தியலால் மாமியார் தட்டத் தட்ட, விளிம்பின் வடிவத்திலேயே அட்டை வெட்டுப்பட்டுக்கொண்டே வந்தது. ஒரு இடத்தில் அதிகம் தட்டிக் கிழித்தார். அடுத்த அட்டையை எடுத்தார்கள். கவிஞருக்குப் பஞ்சமில்லை.

கடைசிக் கியருக்குப் பின்னால் வாஷரை மாமியார்தான் வைத்தார். பளபளப்பு வட்டத்தைக் கியருக்கு நேராகத் திருப்பி, சரியா என்பதுபோல் மருமகளைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். தண்டை விரலால் முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தாள். இப்போது அது இருந்த இடத்தில் இருந்தது.

வெயில் சாய்ந்த பிறகு வண்டி உறுமியது. முதலில் புகை, அப்புறம் சீரான சத்தம். கணவன் கை தட்டினான். அவள் தட்டவில்லை. குளிர்ப்பெட்டியை எடுத்து, குழாய்களில் தண்ணீர் நிரப்பி அடுக்கினாள்.

"வாங்க அத்தை."

"எங்க?"

"பின்னால உட்காருங்க. பாரம் வேணும்."

"பாரம்னு மூஞ்சிக்கு நேராவே சொல்றா பாரு" என்றார் மாமியார் மகனிடம். ஆனால் ஏறி உட்கார்ந்தார், பெட்டியை மடியில் அணைத்துக்கொண்டு.

தண்ணீர்த்தொட்டி மேட்டுக்கு அடியில் மூன்றாவதைப் போட்டாள். விழுந்த இடம் வந்தது. கிளட்ச்சின் மேல் விரல்கள் தாமாகவே மடங்கின. எஞ்சின் முக்கியது. புது ரிங்குகள், கஷ்டப்படுத்தக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் கொஞ்சம், ஒரே ஒரு கொஞ்சம், முறுக்கினாள். காதுக்குள் அந்தப் பழைய அலறலுக்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை. மேடு மெதுவாகப் பின்னால் போயிற்று.

உச்சியில் நிறுத்தினாள். மாமியார் பெட்டியைத் திறந்து, குழாய் குழாயாக வெளியே எடுத்துப் பார்த்தார்.

"ஒரு பொட்டு சிந்தல" என்றார். சற்றுப் பொறுத்து, "எனக்குத்தான் குலை நடுங்கிப்போச்சு."

வீட்டுக்கு வந்தபோது கணவன் மறுபடி டீ போட்டு வைத்திருந்தான். அவள் உட்கார்ந்ததும் மேசை சாய்ந்து பாதி டீயைக் கொட்டியது. மிச்சத்தைக் குடித்துவிட்டு, கறுத்த கைகளை மடித்து அதன் மேல் தலையை வைத்தாள். நாளைக்கு முதல் வீடு தையல்காரருடையது. சின்ன ஊசி எடுத்துவைக்க வேண்டும் என்று நினைத்தாள். எழுந்திருக்க முடியவில்லை.

தூக்கம் ஏறுகிற நேரத்தில், மேசை ஆடவில்லை என்று ஏதோ ஒன்று அவளை உலுக்கியது. இன்னொரு வாஷரை எடுத்துவிட்டாரா? ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள். எதிரே மாமியார் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவருடைய முழங்கை மேசை மூலையை அழுத்திப் பிடித்திருந்தது.

கண்ணை மூடிக்கொண்டாள்.