பச்சையாகிப்போன பின்கதவு

மறுநாள் மதிப்பீட்டுக் குழு வருகிறது. பல்கலைக்கழகப் பதிவாளரின் மேசையில் தேநீர் ஆறிக் கிடக்க, அவர் கணினித் திரையில் வண்ணம் மாற்றிக்கொண்டிருந்தார். எங்கே என்ன ஆபத்து என்று ஒவ்வொரு துறையும் எழுதி அனுப்பும். பெரிய ஆபத்துக்குச் சிவப்பு, சின்னதுக்கு மஞ்சள், சரிசெய்துவிட்டால் பச்சை. அது விதி. குழு வருவதற்கு முதல் நாள் எல்லாமே பச்சையாகிவிடும். அது வழக்கம்.

எதிரே வேதியியல் பேராசிரியர் நின்றார். பதிவாளரின் மனைவிக்கு ஒரே தம்பி.

"அத்தான், ஆய்வகத்துப் பின்கதவைச் சங்கிலி போட்டுப் பூட்டிட்டாங்க. உள்ள கேன் கேனா ஸ்பிரிட் இருக்கு. தீப்பிடிச்சா பிள்ளைங்க எந்தப் பக்கம் ஓடும்?"

"நான்தான்டா பூட்டச் சொன்னேன். பின்னால உடைஞ்ச நாற்காலியெல்லாம் மலையா கெடக்கு. குழு கண்ணுல பட்டா மானம் கப்பலேறிடும். ரெண்டு நாள் பொறுத்துக்கோ."

"அப்போ சிவப்புன்னாவது போடுங்க."

"துணைவேந்தர் என்னைத் தொலைச்சுடுவார். எல்லாம் பச்சையா இருக்கணும்னு சொல்லிட்டார். போ, போய் வேலையைப் பாரு."

ஒரே சொடுக்கு. கதவு பச்சையாகிவிட்டது. பூட்டைத் தொடாமலே ஆபத்தை ஒழித்துவிட்டார், கெட்டிக்காரர்!

மறுநாள் குழுவுக்குக் கூட்டம் காட்டுவதற்காக இரண்டு வகுப்புப் பிள்ளைகளையும் ஒரே ஆய்வகத்தில் அடைத்தார்கள். நெருக்கடியில் யாரோ கேனைத் தட்டிவிட்டார்கள். எரிந்துகொண்டிருந்த ஆய்வக அடுப்புக்குப் பக்கத்தில் விழுந்த கேன் வெடித்தது.

சத்தம் கேட்டுப் பதிவாளர் ஓடினார். முன்வாசலை நெருப்பு அடைத்திருந்தது. பின்பக்கம் போனால், கதவை உள்ளிருந்து உதைக்கிறார்கள். "திறங்க! திறங்க!" என்ற அலறலில் மச்சானின் குரலும் இருந்தது. அவர் நாற்காலிகளை இழுத்து இழுத்து எறிந்தார். உள்ளங்கை கிழிந்து ரத்தம் கொட்டியது. காவலாளி கோடரியால் சங்கிலியை வெட்டியதும் பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவராக வந்து விழுந்தார்கள். முடி பொசுங்கியிருந்தது, கைகளில் தோல் தொங்கியது. எல்லாரையும் முன்னால் தள்ளிவிட்டுக் கடைசியில் நின்ற பேராசிரியரைத் தூக்கித்தான் வர வேண்டியிருந்தது.

"எவன்டா பூட்டினது?" என்று ஓடிவந்த மற்ற வகுப்புப் பிள்ளைகள் கத்த, காவலாளியின் கண் பதிவாளர் பக்கம் போனது.

பிள்ளைகள் கையில் அதே உடைந்த நாற்காலிகளின் கால்கள். முதல் அடி பதிவாளரின் தோளில், அடுத்தது மண்டையில். துணைவேந்தரின் கார் கவிழ்ந்து எரிந்தது. குழு சுவரேறிக் குதித்து ஓடியது. போலீஸ் தடியடி நடத்தியதில் தீயில் தப்பிய பிள்ளைகளுக்கும் எலும்பு முறிந்தது.

தலையில் கட்டோடு பதிவாளர் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தபோது, பேராசிரியர் போய்விட்டார் என்று டாக்டர் வந்து சொன்னார். மனைவி கணவரின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். நெஞ்சில் மாறி மாறிக் குத்தினாள்.

"நேத்தே சொன்னானாமே! கெஞ்சினானாமே உங்ககிட்ட!"

அவர் தடுக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் துணைவேந்தர் வந்து சேர்ந்தார். பதிவாளரின் காதருகே குனிந்தார்.

"பிள்ளைங்க கவனக்குறைவுன்னு எழுதிடுங்க. கதவு பத்திப் பேச்சே வேண்டாம். உங்க வேலைக்கு நான் பொறுப்பு."

பதிவாளர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"சிவப்புன்னு போட்டிருந்தா நம்ம பேர்தான்யா கெட்டிருக்கும். பச்சைன்னு போட்டோம், உயிர் போயிருச்சு. குறையை மறைச்சு நடத்துற நிர்வாகம், தன்னை நம்பி வந்த பிள்ளைங்களைத்தான் முதல்ல பலி கொடுக்கும். பூட்டச் சொன்னது நான், பச்சையாக்கச் சொன்னது நீங்க. போலீஸ்ல ரெண்டையும் சொல்லப் போறேன்."

துணைவேந்தர் முகம் வெளிறியது. மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு கணவரைப் பார்த்தாள்.

"இந்தப் பேச்சை நேத்து அவன் எதிர்ல பேசியிருக்கலாமே," என்றாள். "என் தம்பி வீட்டுக்கு வந்திருப்பானே."