நிழல் விருந்தாளிகளுக்கு மட்டும்

அந்த நாட்டில் வீடு வாங்கும் வெளிநாட்டவருக்கு வெயில் மட்டும்தான் உண்டு. நிழல் உள்ளூர்க்காரருக்கும் விருந்தாளிகளுக்கும். ஒப்பந்தத்தின் முதல் வரியே அதுதான். நாங்கள் சந்தோஷமாகக் கையெழுத்து வைத்தோம்.

எங்களுக்கு நிழல் எதற்கு? நானும் என் மனைவி ரஞ்சிதமலரும் நோர்வேயின் வடக்கே ஒரு மீன் ஆலையில் இருபத்தொன்பது வருடம் பனிக்கட்டிக்குள் கைவிட்டு மீன் வெட்டியவர்கள். அவளுடைய முழங்கால்கள் இரண்டும் பழுதாகிவிட்டன. இன்னுமொரு குளிர்காலம் என்றால் நடக்கமாட்டாள் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அவளை வெயிலில் ஒரு கதிரையில் இருத்திவிட வேண்டும். எனக்கு வேறு ஆசை கிடையாது.

வீட்டுப் பூட்டின் திறப்பைப் பதிவு அலுவலகத்தில், தாழ்வாரத்தின் மறுமுனையில் கொடுத்தார்கள். நாங்கள் நடக்க நடக்கத் தாழ்வாரம் நீண்டது. இரண்டு பக்கமும் நீள மர வாங்குகளில் உள்ளூர்க்காரர்கள் நிழலில் உட்கார்ந்தபடி எங்களை முறைத்தார்கள். கூரை எல்லோருக்கும் மேலேதான் இருந்தது. வெயில் அதைத் தாண்டி எங்கள் இருவர் மீது மட்டும் விழுந்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பதினோராம் இலக்க வாங்கில் ரஞ்சி உட்கார்ந்துவிட்டாள்.

“என்னப்பா, நல்ல நேரம் முடியப்போகுது. பத்து ஐம்பதுக்கு முன்னம் பால் காய்ச்ச வேணுமெண்டு ஐயர் சொன்னவரெல்லே?”

“இன்னும் வீட்டுக்குப் போய்ச் சேரேல்லையே.”

“நேரம் எங்களுக்காக நிக்குமே?”

பால் பொங்காமல் புது வீட்டில் குடிபுகும் ஆட்கள் அல்ல நாங்கள். பையில் பானை இருந்தது. பாலும் இருந்தது. அடுப்புத்தான் இல்லை. ரஞ்சியால் குனிய முடியாது. நானே பானையைத் தரையில் வைத்துப் பாலை ஊற்றினேன். எங்கள் வெயில் அதன் மீது விழுந்தது. மூன்று நிமிடத்தில் பால் பொங்கிக் கிழக்குப் பக்கமாக வழிந்தது. ரஞ்சி கும்பிட்டாள். நெடுநாளைக்குப் பிறகு சிரித்தாள்.

சுவரில் ஒரு ஜன்னல் திறந்தது. உள்ளே ஓர் அதிகாரி இருந்தார்.

“பொங்கிட்டுதோ?” என்றார். எங்கள் ஊர்த் தமிழில்தான் பேசினார். அதற்கு ஏற்கெனவே விண்ணப்பித்திருந்தோம்.

“ஓம். கிழக்குப் பக்கம்,” என்றேன் பெருமையாக.

“உங்கட ஆக்கள் பால் பொங்கின இடத்திலதானே குடியிருப்பினம்?”

“ஓம், ஓம்.”

என் நாக்கில் சனி இருந்திருக்க வேண்டும். அவர் வீட்டு உறுதிப் பத்திரத்தை எடுத்து, வெள்ளைச் சுவரும் எலுமிச்சை மரமும் உள்ள எங்கள் வீட்டின் விலாசத்தைக் குறுக்கே வெட்டினார். ‘தாழ்வாரம், பதினோராம் வாங்கு’ என்று எழுதி முத்திரை குத்தினார்.

“ஐயா, எங்கட வீடு அங்கால கிடக்கு.”

“அங்க பால் பொங்கேல்லை. அதை இடிச்சுப்போட்டம்.”

“எப்ப?”

“இஞ்ச பொங்கின உடன. எல்லா ஆக்களின்ர வழக்கத்தையும் நாங்கள் மதிக்கிறனாங்கள்.”

அதன் பிறகு எல்லோரும் எங்கள் வீட்டுக்குள்ளால் நடந்துபோனார்கள். ஒருத்தி, “உங்கட வீடு எங்கட வழியில கிடக்கு,” என்று சொல்லிக் கால் சப்பாத்தைப் பானையில் துடைத்தாள். பானையை வாங்கின் அடியில் தள்ளி வைத்தேன். ஆனாலும் வெயில் இருந்தது. ரஞ்சி கால்களை நீட்டி அதில் வைத்தாள். இது போதும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

“பால் ஊத்தினது ஆர்?” என்று அதிகாரி கேட்டார்.

“நான்.”

“அவ?”

“பாத்துக்கொண்டிருந்தவ.”

“அப்ப நீங்கள் வீட்டுக்காரர். அவ விருந்தாளி.”

“அவ என்ர மனிசி!”

“இருக்கட்டும். மனிசியும் விருந்தாளியா வரலாம்.”

மணி அடித்தார். இரண்டு பேர் பாய் போலச் சுருட்டிய ஒரு நிழலைத் தூக்கிவந்து ரஞ்சியின் மேல் விரித்தார்கள். வெயில் அவளை விட்டு என் பக்கம் நகர்ந்தது. அவளுடைய உதடு நீலமானது. முழங்கால்களில் உறைபனி படிந்தது. நிழலைப் பிடித்து இழுத்தேன். வீட்டுக்காரன் கைக்கு அது அகப்படவில்லை.

“எடுங்கோடா!” என்று கத்தினேன். வாங்குகளில் இருந்தவர்கள் சத்தம் போடவேண்டாம் என்றார்கள்.

அதிகாரி ஒரு படிவத்தை நீட்டினார். “விருந்தாளி எப்ப வெளிக்கிடுறா?”

“எழுதமாட்டன்.”

“எழுதாட்டி நிழல் கூடும்.”

கூடியது. பனி அவள் இடுப்பு வரை ஏறியது. படிவத்தில் ‘இன்று’, ‘இப்போது’ என்று இரண்டு விடைகள் இருந்தன. பேனையை எடுத்தேன். ‘இன்று’ என்பதில் கோடிட்டேன். இன்னும் கொஞ்ச நேரம் பக்கத்தில் இருப்பாள் என்று நினைத்தேன்.

ரஞ்சி எழுந்தாள். சேலையைச் சரிசெய்தாள். முப்பத்துநான்கு வருடமாக என்னை ‘என்னப்பா’ என்று கூப்பிட்டவள் கை கூப்பினாள்.

“அப்ப நான் வெளிக்கிடுறன், ஐயா. வீடு நல்ல வடிவாயிருக்கு.”

அவளோடு போகப் பார்த்தேன். என் வீடு பதினோராம் வாங்கின் ஓரத்தோடு முடிந்தது. கால் அதைத் தாண்டவில்லை.

“போயிட்டு வாங்கோ,” என்றேன்.

அவளுக்குத் தாழ்வாரம் நீளவில்லை. நொண்டி நொண்டி நான்கு எட்டு வைத்தாள், முடிந்துவிட்டது. கதவைத் திறந்தாள். வெளியே நோர்வே இருந்தது. பனி கொட்டிக்கொண்டிருந்தது. அவள் திரும்பிப் பார்க்காமல் இறங்கினாள்.

“கதவைச் சாத்துங்கோ, குளிருது!” என்று வாங்குகளில் இருந்தவர்கள் கத்தினார்கள். பானையில் சப்பாத்துத் துடைத்தவள் எழுந்துபோய்ச் சாத்தினாள்.

“இனி வெயில் முழுக்க உங்களுக்குத்தான்,” என்றார் அதிகாரி.

எனக்கு வியர்க்கத் தொடங்கியது.