உப்பு வெந்நீர்

தையல்காரிக்கு வெளிச்சம்தான் சோறு. அந்தச் சோற்றில் மண்ணை அள்ளிப் போட்டது வாசல் மாமரம். பூந்தொட்டி வைக்கவே போதாத இடத்தில் மாமியார் நட்டுவிட்டுப் போன கன்று, இருபது வருஷத்தில் கீழ்வீட்டு ஜன்னலை மூடி, குளியலறைத் தரையைப் பிளந்து, சாக்கடைக் குழாய்க்குள்ளும் வேரை விட்டிருந்தது. பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊசியில் நூல் கோத்தாள் அவள். வெட்டலாம் என்றால் கணவன் கையெடுத்துக் கும்பிட்டான். மரத்தில் யாரும் கத்தி வைக்கக் கூடாது என்பதுதான் அம்மாவின் உயிலில் முதல் வரியாம்.

இரண்டாம் வரி என்னவென்று அவனுக்கும் தெரியாது. மாடியில் குடியிருந்த அவன் அண்ணன், எல்லாருக்கும் பெரியவர், உயிலை வாசித்தபோது முதல் வரியிலேயே இவனுக்குக் கொட்டாவி வந்துவிட்டது. மிச்சத்தை அண்ணனே படிச்சுக்கட்டும் என்று கையெழுத்தைப் போட்டுவிட்டு எழுந்து வந்த மகராசன்.

கத்திதானே கூடாது? வெந்நீர் கூடாது என்று கிழவி எழுதினாளா? தினமும் மத்தியானம் பெரிய குண்டானில் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவைத்து, நாலு பிடி கல்லுப்பைப் போட்டு வேரடியில் ஊற்றினாள். யாராவது கேட்டால் துணி அலசிய தண்ணீர் என்பாள். குடி, நல்லாக் குடி என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஊற்றுவாள். அதில் அவளுக்கு ஒரு சுகமும் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

மூன்றாம் மாதம் குண்டானின் பிடி ஆட ஆரம்பித்தது. ஒருநாள் கொதிநீர் தளும்பிக் காலருகே கொட்டியதை, படியிறங்கி வந்த பெரியவர் பார்த்துவிட்டார். துணி அலசிய தண்ணீர் என்று அவசரமாகச் சொன்னாள். அவரோ குண்டானை வாங்கிக்கொண்டு போய், ஆயுசெல்லாம் பட்டறையில் கழித்த கையால் புதுப்பிடி வைத்து, மறுநாளே கொண்டுவந்து கொடுத்தார். காலில் ஊற்றிக்கொள்ளாமல் பார்த்துச் செய் என்று புத்தியும் சொன்னார். பச்சைப் பிள்ளைதான் உங்க அண்ணன் என்று அன்று ராத்திரி கணவனிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

எட்டாம் மாதம் மரத்தில் ஓர் இலை இல்லை. மரம் வெட்டுகிறவர் பட்டையைக் கீறிப் பார்த்து, உயிர் போய் நாளாச்சு, பெருங்காற்று அடித்தால் வீட்டின் மேலேயே சாயும் என்றார். பெரியவரே ஆள் வைத்து ஒரே நாளில் இறக்கினார். கீழ்வீட்டுக்குள் வெயில் கொட்டியது. அவள் தையல் மெஷினை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, விளக்கை அணைத்துவிட்டு, அந்த வெளிச்சத்தில் கையை நீட்டி நீட்டிப் பார்த்தாள். சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

பெரியவர் உயிலோடு உள்ளே வந்தார். இரண்டாம் வரியில் விரலை வைத்தார். மரம் உயிரோடு நிற்கும்வரை இளையவன் குடும்பம் கீழ்வீட்டில் இருக்கலாம்; அதன்பின் வீடு முழுவதும் மூத்தவனுக்கு. மாதக் கடைசிக்குள் காலி செய்துவிடுங்கள் என்றார், ஜன்னலைச் சாத்தச் சொல்வதுபோல. கணவன் அடியில் இருந்த தன் கையெழுத்தைப் பார்த்தான்.

அவள் மெஷினை விட்டு எழுந்தாள். "எல்லாம் தெரிஞ்சும் பாத்துக்கிட்டா இருந்தீங்க, மாமா?"

"பாத்துக்கிட்டு மட்டுமா இருந்தேன்? பிடி யாரு போட்டுக் குடுத்தது?"

வாசல்வரை போனவர் நின்று திரும்பினார்.

"போறப்ப அந்தக் குண்டானை வெச்சிட்டுப் போம்மா. நல்ல பிடி."